பனிமூட்டத்துக்குள் காய்ந்துபோகும் முட்டைகள்

கோழி வளர்ப்புக் கேள்வி பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு இன்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டியில், ஈரப்பதத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியே இருந்தன. எனவே தீவனம், தடுப்பூசி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்த இதழ் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூரில் வசிக்கிறேன். தெர்மாகோல் பெட்டியில் பல்பு, சிறு விசிறி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பொருத்தி நாங்களே செய்துகொண்ட இன்குபேட்டரில் மார்கழி மாதம் 36 சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகளை வைத்தோம். வெப்பம் 37.5 டிகிரியிலேயே நின்றது. ஓமலூரில் ஐப்பசி மாதம் தண்ணீரே வைக்காமல் நன்றாகக் குஞ்சு பொரிக்கவைத்த என் அண்ணன், ‘மலையில் எந்நேரமும் பனிதானே, உனக்குத் தண்ணீர் எதற்கு?’ என்றார். சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானியும் 90 சதவீதம் காட்டியதால், பதினெட்டு நாள் வரை தண்ணீர் வைக்கவில்லை. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது 29 முட்டைகளில் கரு இருந்தது. ஆனால் பொரித்தவை 11 மட்டுமே. மீதியை உடைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு சவ்வோடு ஒட்டிக்கொண்டு இறந்திருந்தது. எங்கே தவறினோம்?

பதில்: பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்ப்பதற்கு மனத்திடம் வேண்டும். நீங்கள் அதைச் செய்ததால்தான் காரணத்தைச் சொல்ல முடிகிறது. உங்கள் முட்டைகள் பதினெட்டு நாளும் காய்ந்திருக்கின்றன. சன்னலுக்கு வெளியே மரமே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் நிற்கும்போது பெட்டிக்குள் எப்படிக் காய முடியும் என்று நீங்கள் கேட்பது நியாயமே. பலரும் சறுக்குகிற இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஈரப்பதமானி காட்டும் சதவீதம், காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதற்கான அளவு அன்று. அந்த வெப்பநிலையில் காற்றால் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதற்கான அளவு. குளிர்ந்த காற்றால் மிகக் குறைவான நீராவியைத்தான் தாங்க முடியும். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது ஏறத்தாழ 13 கிராம், 37.5 டிகிரியிலோ ஏறத்தாழ 45 கிராம். மார்கழி விடியலில் உங்கள் ஊர்க் காற்று முழுக்க நனைந்து பனியாய் நின்றாலும், அதில் இருப்பது அந்த 13 கிராம்தான். அதே காற்று உங்கள் பெட்டியின் துளை வழியாக நுழைந்து 37.5 டிகிரிக்குச் சூடானதும், 45 கிராம் தாங்கக்கூடிய இடத்தில் 13 கிராமை வைத்துக்கொண்டு நிற்கிறது. அப்போது அதன் ஈரப்பதம் 30 சதவீதத்தைக்கூட எட்டாது. இங்கே சேலத்தில் கத்திரி வெயில் நாளில், 38 டிகிரியில் 30 சதவீதம் என்று வறண்டு கிடக்கும் காற்றில்கூடக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிராம் நீராவி உண்டு. அதாவது உங்கள் பனிமூட்டமும் எங்கள் சித்திரை வெயிலும் இன்குபேட்டருக்குள் போனபின் ஒன்றுதான்.

உங்கள் அண்ணன் சொன்னது அவருடைய ஊருக்கும் அவர் முட்டை வைத்த மாதத்துக்கும் சரியே. ஐப்பசி அடைமழையில் 26 டிகிரியில் 85 சதவீதம் இருக்கும் சமவெளிக் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும்; அது பெட்டிக்குள் சூடானாலும் 45 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆகவே தண்ணீர் வைக்காமலே அவருக்குப் பொரித்தது. வெளியில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்த்து, வெளிக்காற்று எத்தனை டிகிரி என்பதைப் பார்க்காமல் விட்டதே தவறு.

மலைக்கே உரிய இன்னொரு காரணமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே. அந்த உயரத்தில் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீராவி எளிதாக வெளியேறுகிறது. ஆகவே ஒரே கோழியின் ஒரே அளவான இரண்டு முட்டைகளை, ஒன்றைச் சேலத்திலும் மற்றொன்றை ஏற்காட்டிலும் ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதத்தில் வைத்தாலும், ஏற்காட்டு முட்டைதான் விரைவில் எடை இழக்கும். சமவெளிக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் முதல் பதினெட்டு நாளுக்கு 45 முதல் 55 சதவீதம் என்று இருக்கும். மலையில் இருப்பவர்கள் 55 முதல் 60 சதவீதத்தை வைத்துத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அந்த எண்ணையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஈரப்பதத்தை நாம் கவனிப்பதே முட்டை சரியான அளவு நீரை இழக்க வேண்டும் என்பதற்காகத்தான். அப்படியானால் அந்த இழப்பையே நேராக அளந்துவிடலாம் அல்லவா? அடைக்கு வைத்த நாளிலிருந்து பதினெட்டாம் நாளுக்குள் கோழிமுட்டை தன் எடையில் 11 முதல் 14 சதவீதம் வரை இழக்க வேண்டும். 12 சதவீதத்தைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நீர் வெளியேறினால்தான் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை, குஞ்சு தன் அலகை நுழைத்து முதல் மூச்சு விடுகிற அளவுக்கு விரியும்.

முப்பது முட்டைகளைச் சேர்த்து எடை போட்டு 1,250 கிராம் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம் 150 கிராம். ஆறாம் நாள் 50 கிராமும், பன்னிரண்டாம் நாள் 100 கிராமும், பதினெட்டாம் நாள் 150 கிராமும் குறைந்திருந்தால் நீங்கள் நேர்வழியில் போகிறீர்கள். ஆறாம் நாளே 70 கிராம் குறைந்துவிட்டால் தண்ணீரைக் கூட்டுங்கள். 30 கிராம்தான் குறைந்திருக்கிறது என்றால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். முட்டைகளைச் சேர்த்து நிறுப்பதற்குச் சமையலறைத் தராசே போதும். ஒவ்வொரு முட்டையாகப் பார்க்க விரும்பினால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு நிறுக்க வைத்திருப்பதைப் போன்ற சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். ஒவ்வொரு முட்டை மீதும் அதன் தொடக்க எடையைப் பென்சிலால் எழுதி வைத்தால், கூமுட்டைகளை நடுவில் எடுத்துவிட்டாலும் கணக்குக் குழம்பாது. பேனா மையும் மார்க்கரும் வேண்டாம்.

உங்கள் பெட்டியில் நடந்ததை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், முட்டைகள் 12 சதவீதத்துக்குப் பதிலாக 18 முதல் 20 சதவீதம் வரை இழந்திருக்கும் என்றே மதிப்பிடுகிறேன். அவ்வளவு காய்ந்த முட்டையில் குஞ்சு சிறுத்துப் பலவீனமாக இருக்கும். உள்சவ்வும் தடித்து இறுகியிருக்கும். ஓட்டில் துளையிட்ட பிறகு வெளிக்காற்று அந்தச் சவ்வின்மேல் படும்போது, காய்ச்சிய பாலின் ஆடை பாத்திர விளிம்பில் காய்ந்து ஒட்டிக்கொள்வதுபோல அது குஞ்சின் இறகோடு ஒட்டிக்கொள்கிறது. குஞ்சால் உள்ளே சுழல முடிவதில்லை. சுழன்று வட்டமாக வெட்டினால்தான் ஓடு திறக்கும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு ஈரப்பதத்தை 65 முதல் 75 சதவீதத்துக்கு உயர்த்தச் சொல்வது இந்த ஒட்டுதலைத் தடுப்பதற்குத்தான். ஆனால் பதினெட்டு நாள் இழந்த நீரைக் கடைசி மூன்று நாளில் முட்டைக்குள் திரும்ப ஏற்றிவிட முடியாது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஈரத்தைத் தக்கவைப்பதற்காகக் காற்றுத்துளைகளை அடைத்துவிடாதீர்கள். மலைக்காற்றில் ஏற்கெனவே உயிர்வளியின் அழுத்தம் குறைவு. முழுதாக வளர்ந்த குஞ்சுக்குக் கடைசி நாட்களில்தான் அதன் தேவை மிகுதி. துளைகள் திறந்தே இருக்கட்டும். அதனால் குறையும் ஈரத்தைத் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்கி ஈடுகட்டுங்கள்.

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது; ஓய்வு நேரத்தில் கோழி வளர்க்கிறேன். மழைக்காலத்தில் வைத்த முட்டைகளுக்கு ஈரம் போதாமல் போய்விடக் கூடாதே என்று முதல் நாளிலிருந்தே இரண்டு பெரிய தட்டு நிறையத் தண்ணீர் வைத்தேன். மீட்டர் எப்போதும் 70க்கு மேல்தான் காட்டியது. பல குஞ்சுகள் ஓட்டைத் தொடாமலே இறந்துவிட்டன. பொரித்தவையும் வயிறு உப்பி, பிசுபிசுவென்று, தொப்புள் மூடாமல் இருந்தன. சிறிய கிண்ணத்தில் ஆழமாகத் தண்ணீர் வைத்தால் சரியாகுமா? மீட்டரை நம்பலாமா?

பதில்: நாகலூர் வாசகிக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரானது உங்களுக்கு நேர்ந்திருக்கிறது. நீர் வெளியேற வழியில்லாமல் போனதால் காற்றறை சிறுத்துவிட்டது. குஞ்சு நீர் கோத்துப் பருத்து, முட்டையை முழுவதும் அடைத்துக்கொண்டு, மூச்சுவிட அலகை நீட்டும்போது காற்றுக்குப் பதிலாக ஈரத்தைச் சந்திக்கிறது. என் அனுபவத்தில் காய்ந்த முட்டையைவிட இப்படி நனைந்த முட்டையே அதிகக் குஞ்சுகளைக் கொல்கிறது. ஏனென்றால் ‘தண்ணீர்தானே, கூடுதலாக இருந்தால் என்ன கெடுதல்?’ என்று நாம் தாராளமாக ஊற்றிவிடுகிறோம். இழை காய்ந்தால் அறுந்துபோகும் என்று தறிக்காரர்களான உங்களுக்குக் காலங்காலமாகத் தெரியும். அந்தப் பழக்கமே முட்டைக்கும் ஈரத்தைக் கூட்டச் சொல்லியிருக்கலாம்.

கிண்ணத்தின் ஆழத்தால் எந்த மாற்றமும் ஏற்படாது. காற்றில் ஈரம் ஏறுவது தண்ணீரின் மேற்பரப்பைப் பொறுத்தது. ஒரு சாண் ஆழமுள்ள டம்ளரைவிட ஒரு விரற்கடை ஆழமுள்ள அகலத் தட்டே அதிக ஈரம் தரும். ஈரத்தைக் குறைக்க அகலம் குறைந்த பாத்திரம் வையுங்கள், அல்லது தட்டின் ஒரு பகுதியைத் தகட்டால் மூடுங்கள். கூட்ட வேண்டுமானால் தட்டில் ஒரு பஞ்சையோ துணியையோ பாதி மூழ்கும்படி நிறுத்தி வையுங்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீராக இருந்தால் சில நாளில் பஞ்சில் வெள்ளையாக உப்புப் படிந்து உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் முதல் பதினெட்டு நாளுக்கு உங்கள் பெட்டிக்குத் தண்ணீரே தேவைப்படாமலும் போகலாம். எடையைப் பார்த்து முடிவெடுங்கள்.

மீட்டரைச் சோதிக்காமல் நம்பவே கூடாது. மலிவு விலை மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் முன்பின் காட்டுவது சாதாரணம். சோதிப்பதற்குச் சமையல் உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அறை வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஈர உப்புக்கு மேலே நிற்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாகவே அமையும். அது இயற்கை விதி. உங்கள் மீட்டர் 81 காட்டினால், அது காட்டும் எண்ணிலிருந்து ஆறைக் கழித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதை முட்டைகளின் உயரத்திலேயே வையுங்கள். தண்ணீர்த் தட்டின் மேலும் பல்பின் அருகிலும் வைத்தால் எண் பொய்யாகும்.

மீட்டரே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. ஒரு வெப்பமானியின் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீரில் விட்டு, விசிறிக் காற்று படும் இடத்தில் நிறுத்துங்கள். பெட்டியின் வெப்பம் 37.5 டிகிரியாக இருக்கும்போது இந்த ஈரக்குமிழ் வெப்பமானி 28 அல்லது 29 டிகிரி காட்டினால், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று பொருள். 33 காட்டினால் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. திரி அழுக்கேறிக் காய்ந்தால் தவறாகக் காட்டும் என்பதைத் தவிர இதில் பழுது எதுவும் இல்லை.

கேள்வி: அடைக்கோழிக்குக் கீழே யாரும் தண்ணீர் வைத்ததில்லை, மீட்டரும் வைத்ததில்லை. பத்து முட்டை வைத்தால் ஒன்பது குஞ்சோடு இறங்கும். பெட்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கணக்கு? (வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

பதில்: பெட்டியில் விசிறி இருக்கிறது, கோழிக்கு அடியில் விசிறி இல்லை. கோழி தன் வயிற்றின் வெறும் தோல் முட்டையில் படும்படி உட்கார்ந்து, சுற்றிலும் இறகைப் பரப்பி அடைத்துக்கொள்கிறது. முட்டையிலிருந்து வெளியேறும் நீராவி உடனே பறந்துவிடாமல் அந்த இறகுக்குள்ளேயே தங்கி, மெல்ல மெல்லத்தான் கலைகிறது. போதாக்குறைக்கு நம் வீடுகளில் அடைக்கூடையில் மணலோ தவிடோ பரப்பி, கூடையை வெயில் படாத மண்தரை மூலையில் வைப்பது வழக்கம். அந்த இடமே ஓரளவு ஈரத்தைக் காக்கும். கோழி நாளுக்கு ஒருமுறை இரைக்கு இறங்கும்போது காற்றும் மாறிவிடுகிறது. இவை அனைத்தையும் நாம் தெர்மாகோல் பெட்டியில் தட்டையும் விசிறியையும் வைத்து ஈடுசெய்யப் பார்ப்பதால்தான் கணக்கு வேண்டியிருக்கிறது. நாலைந்து முட்டைகள் மட்டுமே பொரித்தால் போதும் என்பவருக்கு, நல்ல அடைக்கோழி ஒன்று கையில் இருக்கும்போது இன்குபேட்டர் வாங்கச் சொல்லி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஏற்காட்டில் உறவினர் வீட்டிலிருந்து கருமுட்டைகளைச் சேலத்துக்குப் பேருந்தில் கொண்டுவந்தேன். வீட்டில் இறக்கி வைத்ததும் முட்டை முழுவதும் வியர்த்துவிட்டது. துடைத்துவிட்டு உடனே வைக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: துடைக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். குளிர்ந்த முட்டையின் மேல் வெப்பமான ஈரக்காற்று படும்போது நீர் பூக்கிறது. ஓட்டின்மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு கிருமிகளைத் தடுக்கிறது. ஈரத்தோடு தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடுவதோடு, அழுக்கும் நுண்துளைகளுக்குள் இறங்கும். முட்டைகளை அட்டையில் கூர்முனை கீழாக நிறுத்தி, நிழலான இடத்தில் ஈரம் தானே உலரும்வரை விட்டு, பிறகு பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை, கொண்டுவரும் பையைப் பிரிக்காமலே சில மணி நேரம் வீட்டில் வைத்திருந்தால் முட்டை மெதுவாகச் சூடாகி, வியர்ப்பது பெரும்பாலும் நின்றுவிடும். கோடையில் சேலத்து வீட்டில் கருமுட்டைகளை நாள்கணக்கில் வெளியே வைத்திருக்காதீர்கள். அறையின் வெப்பத்திலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும்.

கேள்வி: இருபதாம் நாள் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு முட்டையில் துளை விழுந்து பத்து மணி நேரம் ஆகிறது. குஞ்சு கத்துகிறது, வெளியே வரவில்லை. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, ஓட்டையும் உரித்துவிடலாமா? மிகவும் பதற்றமாக இருக்கிறது. (வாசகர், வாழப்பாடி)

பதில்: இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் குஞ்சு வெளியே வந்திருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். முதல் துளைக்கும் குஞ்சு வெளிவருவதற்கும் இடையே 24 மணி நேரம் ஆவது இயல்பே. அந்த நேரத்தில்தான் குஞ்சு சவ்வின் இரத்தக்குழாய்களில் உள்ள இரத்தத்தை உள்ளிழுத்து, மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். பெரும்பாலும் குஞ்சு பிழைக்காது. 24 மணி நேரம் கடந்தும் துளை பெரிதாகாமல், தெரிகிற சவ்வு மஞ்சளாகக் காய்ந்து காகிதம்போல் ஆகிவிட்டால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்தச் சவ்வை ஈரப்படுத்தி, அலகுக்கு எதிரேயுள்ள ஓட்டை மட்டும் சிறிது விலக்கிவிட்டுத் திரும்ப உள்ளே வையுங்கள். இரத்தம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஈரக்காற்று நொடியில் வெளியேறிவிடும். துளையிட்டுக்கொண்டிருக்கும் மற்ற முட்டைகளின் சவ்வும் அதனால் காயும். இதைத் தவிர்க்க, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு துளையிட்டு, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாய் போன்ற ஒன்றைச் செருகி, அதன் உள்முனை தண்ணீர்த் தட்டில் விழும்படி முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். வற்றும்போது வெளியிலிருந்தே வெதுவெதுப்பான தண்ணீரை ஊசிக்குழலால் செலுத்தலாம். குளிர்ந்த தண்ணீரை விட்டால் பெட்டியின் வெப்பம் இறங்கிவிடும். பதினெட்டாம் நாள் கடைசியாக முட்டைகளைத் திருப்பிவிட்டு மூடியை மூடும்போது தட்டு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொரித்த குஞ்சுகளை எடுப்பதற்காகவும் திறக்க வேண்டியதில்லை. வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே ஒன்றிரண்டு நாளுக்கு அவற்றுக்கு உணவாகும். இறகு உலர்ந்து புசுபுசுவென்று ஆனபின், மற்ற முட்டைகளில் துளையிடும் நிலையில் எதுவும் இல்லாத வேளை பார்த்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.